அந்த டின்னை இன்றைக்கு வாங்காதே

தம்பி, நல்ல காரியம்தான் செய்திருக்கிறாய். யாரோ வேண்டாமென்று விற்ற மடிக்கணினியைச் சில நூறு வெள்ளிக்கு வாங்கி, அதில் டெபியன் ஏற்றி, குளிர்பெட்டி மேல் வைத்து, ரௌட்டரிலிருந்து ஒரு நீலக் கம்பியை இழுத்துவிட்டாய். பச்சை விளக்கு மினுக்குகிறது. ஈப்போ, புந்தோங்கில் உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் “இது என்னோட சர்வர்” என்று காட்டுகிறாயாம். காட்டு. அந்தப் பெருமையில் தப்பில்லை.

நேற்று இன்னொன்றும் காதில் விழுந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் பெரியம்மா ஒரு பிஸ்கட் டின் நிறைய தோட்டத்துப் படங்களைக் கொண்டுவரப் போகிறாராம். கோயில் செயலாளர் இருபது வருடத் திருவிழாப் படங்களையும் வரவு செலவுக் கணக்கையும் பென்டிரைவில் போட்டுத் தரப்போகிறாராம். எல்லாவற்றுக்கும் நீ “சரி, போட்டு வைக்கிறேன்” என்று தலையாட்டிவிட்டாய். அதனால்தான் மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். சர்வரை நிறுத்தாதே. டின்னை மட்டும் வாங்காதே. அதற்கு இன்னும் நேரம் வரவில்லை.

சர்வரை ஏன் நிறுத்தச் சொல்லவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வீட்டில். வேலை இருக்கும்வரை வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அப்பா சாமான்களை லாரியில் ஏற்றிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் வளர்த்த முருங்கை, அம்மா மெழுகி மெழுகி வழவழப்பாக்கிய அடுப்படித் திண்ணை, நாங்கள் போட்ட மாட்டுக் கொட்டகை எல்லாம் அங்கேயே நின்றன. எதுவும் எங்களுடையது இல்லையென்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இன்று அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. லயம் இருந்த அடையாளமே இல்லை.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பியபோது இப்படி நடுத்தெருவில் நின்ற குடும்பங்கள் ஏராளம். அதே சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதற்காகத்தான். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்று பால்மரம் வெட்டுகிறவர்களிடம் கேட்டார். அன்றைய சம்பளத்தில் பத்து வெள்ளி என்பது வயிற்றைக் கட்டி எடுத்துவைக்க வேண்டிய பணம். போட்டார்கள். 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அவர்கள் கைக்கு வந்தது.

இன்றைக்கு நம் படங்களும் காகிதங்களும் குடியிருப்பது லயத்தில்தான். துரை மட்டும் மாறியிருக்கிறார். 2009இல் யாகூ, ஜியோசிட்டீஸை மூடியது. 2014இல் கூகுள், ஆர்குட்டை மூடியது. கூகுள் ஃபோட்டோஸ் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசம் என்றது. 2021 ஜூன் 1 முதல் இல்லை என்றது. எல்லாவற்றையும்விட என்னைத் தூங்கவிடாதது ஒன்று உண்டு. இரண்டு வருடம் யாரும் உள்ளே நுழையாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் அழிக்கலாம் என்று விதி வந்துவிட்டது. உயிரோடிருக்கிற நமக்கு அது பெரிய விஷயம் இல்லை. போன வருடம் போய்ச் சேர்ந்த தாத்தாவின் கைப்பேசிப் படங்களை நினைத்துப்பார். அவர் கணக்கில் யார் நுழையப் போகிறார்கள்? கடவுச்சொல் யாருக்குத் தெரியும்? தோட்டத்து வாழ்வை முழுதாகக் கண்ட தலைமுறை அது. நாள் எண்ணப்பட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே சொந்தத்தில் ஒரு சர்வர் வேண்டும் என்பதில் உனக்கும் எனக்கும் வழக்கு இல்லை.

அவசரத்தில் என்ன நடக்கும் என்பதற்கு என் கதையைக் கேள்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் நானும் உன்னைப்போல ஒரு பழைய கணினியைத் தட்டிக்கொட்டி எழுப்பினேன். இரண்டு டிஸ்க் போட்டு, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும்படி இணைத்தேன். ரெய்டு என்பார்கள். ஒன்று செத்தாலும் இன்னொன்று காப்பாற்றும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். எங்கள் தோட்டத்திலிருந்து வந்து எங்கள் தாமானிலேயே குடியேறிய பாட்டி ஒருவர் தன் டின்னைக் கொடுத்தார். நாற்பத்து மூன்று படங்கள். ஒன்றில் அவருக்கு இருபது வயதிருக்கும். தலையில் துண்டு, தோளில் காண்டா, இரண்டு பக்கமும் பால் வாளி, முகத்தில் படம் எடுக்கிறவர்மேல் ஒரு சலிப்பு. ஸ்கேன் செய்து டின்னைத் திருப்பிக் கொடுத்தபோது, “கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு பாட்டி” என்றேன்.

அந்த வருடக் கடைசி மழையில் அவர்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியது. கட்டிலுக்கு அடியில் இருந்த டின்னை யாரும் தூக்கவில்லை. “அதுதான் கம்ப்யூட்டர்ல இருக்கே” என்று அரிசி மூட்டையைத் தூக்கினார்களாம்.

கம்ப்யூட்டரில் அது இல்லை. இரண்டு மாதம் முன்பே போய்விட்டது. இடம் போதவில்லையென்று ஓர் இரவு பழைய கோப்புறைகளை அழித்துக்கொண்டிருந்தேன். கருப்புத் திரையில் ஒரே வரிக் கட்டளை. பெயருக்கு நடுவே ஓர் இடைவெளி தவறி விழுந்ததைக் கவனிக்காமல் என்டர் தட்டினேன். அந்தக் கட்டளை திருப்பிக் கேள்வி கேட்காது. அதற்குக் குப்பைத்தொட்டியும் கிடையாது. ஒரு டிஸ்க்கில் அழிந்தது அதே நொடியில் மற்றதிலும் அழிந்தது. கண்ணாடி முன்னால் நின்று கையை வெட்டிக்கொண்டால் உள்ளே இருப்பவன் கையிலும்தான் ரத்தம் வரும். அவன் வந்து எனக்குக் கட்டுப் போடமாட்டான். ரெய்டு டிஸ்க்கின் பழுதைத் தாங்கும். என் முட்டாள்தனத்தை அது தாங்கவில்லை.

பாட்டி இறந்தபிறகு, பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரிதாக்கி மாட்ட அந்த இருபது வயதுப் படத்தைக் கேட்டுப் பேத்தி வந்தாள். “தேடிப் பார்க்கிறேன்மா” என்றேன். தேட என்ன இருக்கிறது? மூன்று நாள் அந்தப் பொய்யோடு திரிந்தேன். பிறகு போய் உண்மையைச் சொன்னேன். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள்; முகம் புள்ளி புள்ளியாக மங்கியிருந்தது. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “தண்ணி குடிச்சிட்டுப் போங்க தம்பி” என்று தேநீரை வைத்தார்கள். அதைக் குடித்து முடிப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இதைப் படித்துவிட்டு “நான் பேக்கப் எடுப்பேன் அண்ணே” என்பாய். எல்லாரும் சொல்வதுதான். எடுத்ததைத் திருப்பி இறக்கிப் பார்த்திருக்கிறாயா? அதைச் சொல். பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் எழுதிப் பரவிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. இதை ஒப்பிக்கத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர். மூன்றாவது நகலை ஒருநாளாவது திறந்து பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

வீட்டுக்கு வெளியே என்றால் பக்கத்து அறை இல்லை, மாமா வீட்டு மாடியும் இல்லை. ஈப்போவில் வெள்ளம் வந்தால் இரண்டு வீட்டுக்கும் வரும். ஓர் இடி இரண்டு வீட்டு ரௌட்டரையும் கருக்கும். 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் ஓவிஎச் கம்பெனியின் சர்வர் மாளிகை ஒன்று முழுதாக எரிந்தது. காசு கொடுத்து வாடகைக்கு எடுத்திருந்தவர்களில் சிலர் பேக்கப்பையும் அதே வளாகத்தில்தான் வைத்திருந்தார்கள். இரண்டும் போயின.

இந்தப் பாடம் நம் மண்ணிலேயே இருக்கிறது. பிரேசிலிலிருந்து 1876இல் லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்த ரப்பர் விதைகளில் முளைத்தவை கொஞ்சம்தான். அந்தக் கன்றுகளை ஒரே இடத்தில் வைக்காமல் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் பிரித்து அனுப்பினார்கள். முதலில் சிங்கப்பூருக்கு வந்தவை பிழைக்கவில்லை. 1877இல் மறுபடி அனுப்பினார்கள். 22 கன்றுகள் உயிரோடு வந்தன. அவற்றில் 9 கன்றுகள் நம் கோலகங்சாருக்கு வந்து வெள்ளைக்கார அதிகாரி ஹியூ லோவின் தோட்டத்தில் வேரூன்றின. அந்தக் காலத்து மரம் ஒன்று அந்த ஊரில் இன்றும் நிற்கிறது; அந்தப் பக்கம் போனால் பார். முதல் கப்பலோடு கையைக் கழுவியிருந்தால் மலாயாவின் ரப்பர் சரித்திரமே வேறாகியிருக்கும். நம் பாட்டன்களை இங்கே கொண்டுவந்து போட்ட சரித்திரம் அது என்பதையும் மறக்கவில்லை. அதைப் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

ஆகவே இப்படிச் செய். ஒரு வெளி டிஸ்க்கை வாங்கு. ரெஸ்டிக் போன்ற ஒரு நிரலால் பூட்டு போட்ட நகலை அதில் எடு. இன்னொன்றை ஜொகூரில் இருக்கும் உன் அக்கா வீட்டுக்கு அனுப்பு; தீபாவளிக்கு வரும்போது அவர் கொண்டுவரட்டும், புதியதைக் கொண்டுபோகட்டும். தினமும் இரவில் இணையம் வழியாகவே அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது. பிறகு ஒரு சனிக்கிழமை, சர்வரை நிறுத்து. அது திருடு போய்விட்டது என்று வைத்துக்கொள். வேறொரு கணினியில், அந்த நகலிலிருந்து மட்டும், எல்லாவற்றையும் எழுப்பு. எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று நோட்டில் எழுது. ஏதோ ஒரு படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார். முகம் தெரிகிறதா, பாதிப் படம் சாம்பலாக நிற்கிறதா பார். முதல் தடவை நிச்சயம் சறுக்கும். பூட்டின் கடவுச்சொல்லையே சர்வருக்குள்தான் எழுதிவைத்திருப்பாய்! நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். அந்தச் சறுக்கல் உன் பொருளோடு போகட்டும். முதல் மூன்று மாதம் உன் படம், உன் குறிப்பு, உன் பாட்டு, அவ்வளவுதான் அதில் இருக்கவேண்டும். நீ ஏற்ற நினைக்கும் இம்மிச் என்ற பட நிரலைச் செய்தவர்களே, படங்களை வைக்கும் ஒரே இடமாக இதை நம்பாதீர்கள் என்று எச்சரித்திருக்கிறார்கள். செய்தவனே சொல்லும்போது நமக்கு என்ன தைரியம்?

இரண்டாவது, கதவு. வெளியிலிருந்து கைப்பேசியில் பார்க்கவேண்டும் என்பதற்காக ரௌட்டரில் போர்ட் திறந்திருக்கிறாய் என்று உன் தம்பி சொன்னான். இன்று இரவே சர்வரின் உள்நுழைவுப் பதிவைத் திறந்து பார். ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு, பை என்று வரிசையாகப் பெயர்கள் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல் முயற்சி, சில நொடிக்கு ஒன்று, விடிய விடிய. உன்மேல் யாருக்கும் பகையில்லை. உலகத்தில் உள்ள இணைய முகவரி எண்களையெல்லாம் வரிசையாகத் தட்டிக்கொண்டு போகும் நிரல்கள் அவை. நம் லயத்தில் ராத்திரி ஒவ்வொரு கதவாகத் தள்ளிப்பார்த்துக்கொண்டு போகிற திருடனைப்போல. 2016இல் மிராய் என்ற நிரல், தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல் மாறாத கேமராக்களிலும் ரௌட்டர்களிலும் இப்படித்தான் நுழைந்தது. அதன் கையில் இருந்தது அறுபது சொச்சம் கடவுச்சொற்கள்தான். அந்த ஏழைக் கேமராக்களைத் திரட்டி அக்டோபர் 21ஆம் தேதி டைன் என்ற கம்பெனியைத் தாக்கினார்கள். அதை நம்பியிருந்த ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குத் திறக்கவில்லை. கதவைத் திறந்துபோட்டவன் தன் வீட்டை மட்டும் இழப்பதில்லை. அவன் வீட்டு உலக்கையை எடுத்துக்கொண்டுபோய் அடுத்தவன் மண்டையைப் பிளக்கிறார்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற கும்பல், இணையத்தில் நேராகத் திறந்துகிடந்த கியூநாப் சேமிப்புப் பெட்டிகளுக்குள் நுழைந்து குடும்பப் படங்களைப் பூட்டிவிட்டு, சாவிக்கு 0.03 பிட்காயின் கேட்டது. பெட்டி வாங்கியவர்கள் உன்னைப்போலத்தான் ஆசையாக வாங்கியிருப்பார்கள்.

போர்ட்டை இப்படித் திறந்துபோடாமலே வேலை நடக்கும். வயர்கார்டு என்று ஒன்று இருக்கிறது. 2020 முதல் லினக்ஸ் கருவுக்குள்ளேயே வருகிறது. உன் கைப்பேசிக்கும் சர்வருக்கும் நடுவே தனிக் குழாய் போடும். சாவி இல்லாதவன் தட்டினால் பதிலே சொல்லாது. உள்ளே ஆள் இருப்பதே தெரியாது. அதற்கும் ஒரு போர்ட் திறக்கவேண்டியிருக்கும், ஆனால் அது சுவரைப்போல நிற்கும் கதவு. உன் இணையச் சேவை உனக்குத் தனி முகவரி தராமல் நூறு வீட்டை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருந்தால், டெயில்ஸ்கேல் என்ற சேவை அதே வயர்கார்டைக் கொண்டு குறுக்குவழி காட்டும். இன்னொன்று: யுஎஃப்டபிள்யூ என்ற காவல் நிரலைப் போட்டுவிட்டேன், எல்லாம் மூடியாயிற்று என்று நிம்மதியாக இருக்காதே. டாக்கரில் ஒரு போர்ட்டை வெளியிட்டால் அது அந்தக் காவலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். எழுதியவர்கள் ஆவணத்தில் சொல்லித்தான் இருக்கிறார்கள்; யார் படிக்கிறார்கள்? வீட்டுக்கு வெளியே நின்று, கைப்பேசி டேட்டாவில், எது திறந்திருக்கிறது என்று நீயே தட்டிப் பார்.

குளிர்பெட்டி மேலிருந்தும் சர்வரை எடு. அங்கே சூடு. எந்நேரமும் மின்சாரத்தில் கிடக்கும் மடிக்கணினியின் பேட்டரி சூட்டில் உப்பும். எண்பது சதவீதத்துக்கு மேல் ஏறாதபடி வைக்க முடிந்தால் வை. பத்து வாட் இழுக்கும் பெட்டி மாதத்துக்கு 7.2 யூனிட்தான் எரிக்கும். தெனாகா பில்லுக்கு அம்மா பயப்பட வேண்டாம். சாயங்கால இடிக்குத்தான் பயப்படவேண்டும்.

மூன்றாவது விஷயத்தை யாரும் உனக்குச் சொல்லித்தரப் போவதில்லை. தோட்டத்துக் காலத்தில் கடிதமெல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். படிக்கத் தெரியாதவர்களுக்குக் கிராணியே பிரித்துப் படித்துச் சொல்வார். யார் வீட்டில் கடன், எவள் ஊருக்கு எழுதி அழுதாள், எவன் இங்கே ஒரு குடும்பமும் அங்கே ஒரு குடும்பமும் வைத்திருக்கிறான், எல்லாம் அவருக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் செத்துப்போன கிராணிகளையும் எனக்குத் தெரியும். கள்ளுக்கடையில் உட்கார்ந்து கதை அளந்தவர்களையும் தெரியும். அவர்களால் பிரிந்த குடும்பங்களையும் தெரியும்.

சர்வர் வைத்தவன் கிராணி. நெக்ஸ்ட்கிளவுட் என்ற கோப்புச் சேமிப்பு நிரலில் பெரியம்மாவுக்குக் கணக்கு போட்டுக் கொடுத்தாயானால், அவர் வைக்கும் கோப்பு அத்தனையும் உன் டிஸ்க்கில் இருக்கும், நினைத்தால் திறக்கலாம். திறக்காதே. பழுது பார்க்கவேண்டி வந்தால் சொல்லிவிட்டுத் திற. கோயில் கணக்கோடு நன்கொடையாளர் அடையாள அட்டை நகல்கள் வந்தால் அன்றே திருப்பிக் கொடு. அந்த எண்ணில் பிறந்த தேதி இருக்கிறது, பிறந்த மாநிலம் இருக்கிறது. நம் பேராக் பிள்ளைகளுக்கு நடுவில் 08 நிற்கும். 2017இல் இந்த நாட்டில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம் வெளியே கசிந்தது தெரியவந்தது. அதில் நம் வீட்டுப் பங்கு இருந்தது போதும். தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிப் படத்தில் ஓடுவது இன்னொருவர் பிள்ளை. உன் சர்வர் என்பதால் அந்தப் பிள்ளை உன்னுடையதாகாது. யாராவது “என் படத்தை எடுத்துவிடு” என்றால் ஏன் என்று கேட்காதே. பேக்கப்பிலிருந்தும் எடு.

உனக்கு ஏதாவது ஆனால்? சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டால்? உன் அப்பாவுக்கு அந்தப் பெட்டி ஒரு பழைய மடிக்கணினி. ஓசை தாங்காமல் ஒருநாள் பிளக்கைப் பிடுங்குவார். ஒரு தாளில் கையால் எழுது: பெட்டி எங்கே, டிஸ்க் எங்கே, யாருடைய பொருள் எந்தக் கோப்புறையில், கடவுச்சொல் என்ன. கம்ப்யூட்டர் தெரியாதவரும் புரிந்துகொள்ளும் தமிழில் எழுது. உறையிலிட்டு ஒட்டி, வீட்டு கிராண்ட் இருக்கும் பெட்டியில் வை. சம்பந்தன் சங்கத்தில் பத்து வெள்ளி போட்டவருக்கு ரசீது கொடுத்தார்கள். நீயும் கொடு. பெரியம்மாவின் எத்தனை படம், எந்தத் தேதி, எத்தனை இடத்தில் நகல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. அப்படி எழுதிக் கொடுக்க உனக்கே துணிச்சல் வருகிற நாளில் டின்னை வாங்கு. வாங்கும்போதும், “ஸ்கேன் பண்ணிட்டேன், இனிமே டின்னைத் தூக்கிப் போடலாம்” என்று மட்டும் வாய்தவறியும் சொல்லாதே. கட்டிலுக்கு அடியில் வைக்கவேண்டாம், அலமாரி மேல்தட்டில் வையுங்கள் என்று சொல்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வருவார். வெறுங்கையோடு அனுப்பாதே. டின்னைத் திறந்து, ஒவ்வொரு படத்திலும் யார் யார் நிற்கிறார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொள். அதற்குச் சர்வர் வேண்டாம், பேனா போதும். அவர் ஞாபகத்துக்கு மட்டும் எங்கேயும் பேக்கப் கிடையாது.

இப்போது எழுந்து போய் ரௌட்டரில் நீ திறந்ததை மூடு. அதன் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள கடவுச்சொல்லைத்தானே இன்னும் வைத்திருக்கிறாய்? அதையும் மாற்று. சனிக்கிழமை பசியாறிவிட்டு நான் அங்கே வருகிறேன். காலியாக ஒரு டிஸ்க் வாங்கி வை; சர்வரை நிறுத்திவிட்டு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று இரண்டு பேருமாகப் பார்ப்போம்.